ஒரு பதிவு வரியின் நயங்கள்

காலை 5:41:17. சேனல் 6. சிக்னல் −71. முகவரியின் இரண்டாம் இலக்கம் ‘ஏ’. பெயர் கிடையாது.

சேலம்–நாமக்கல் நான்குவழிச் சாலையை ஒட்டிய ஒரு வீட்டு மாடியில், பழைய லேப்டாப்பில் ஓடும் சிறிய பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதிவைத்த வரி இது. அக்கம்பக்கத்து வைஃபையும் புளூடூத்தும் காற்றில் விடும் அறிவிப்புகளைக் கேட்டு, அறிவிப்புக்கு ஒரு வரியாகக் குறித்துக்கொண்டே போவதுதான் அதன் வேலை. இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நிறைய இருக்கிறது. எனக்கு இந்த வரிகள் இதுவரை சலிக்கவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்த −71-ஐ முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிவாட் சக்தியை பூஜ்யம் என்று வைத்து, அதிலிருந்து கீழே இறங்கும் டெசிபல் கணக்கு அது. பத்து இறங்கினால் சக்தி பத்தில் ஒரு பங்கு. எழுபத்தொன்று இறங்கினால் ஒரு மில்லிவாட்டில் சுமார் ஒன்றே கால் கோடியில் ஒரு பங்குதான் மிச்சம். அவ்வளவு மெலிந்து வந்த ஒன்றை, சேலம் புதிய பேருந்து நிலையத்துக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் யூஎஸ்பி ஆன்டெனா பிடித்து, பிழையில்லாமல் படித்து, நேரத்தோடு எழுதியும் விடுகிறது. வரியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒன்றே கால் கோடி என் நினைவுக்கு வரும்.

அடுத்தது அந்த ‘ஏ’. ஒவ்வொரு வைஃபை, புளூடூத் கருவிக்கும் பன்னிரண்டு இலக்க முகவரி உண்டு. பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எண்கள். அதற்குமேல் ஏ முதல் எஃப் வரை எழுத்துகள். வைஃபை முகவரியின் முதல் ஆறு இலக்கம் தயாரித்த நிறுவனத்தைச் சொல்லும். ஆனால் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ என்ற நான்கில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் கொடுத்த முகவரி அல்ல. கருவி தனக்குத் தானே வைத்துக்கொண்டது. அப்படியென்றால் 5:41-க்குக் கடந்துபோனது, பெரும்பாலும், தற்காலிக முகவரியோடு அருகில் தெரிந்த வைஃபை உண்டா என்று தேடிய ஒரு போன். ஐபோன்கள் 2014-இல் வந்த ஐஓஎஸ் 8-இலிருந்து தேடும்போது இப்படிச் செய்யத் தொடங்கின. ஆண்ட்ராய்டில் 2019-இல் வந்த பத்தாம் பதிப்பு முதல், இணையும்போதும் மாற்று முகவரி என்பதே வழக்கமான அமைப்பு. ஒரே ஒரு எழுத்து, இது உன்னிடம் தங்கப்போகிற முகவரி இல்லை என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. ஒளிந்துகொள்வதிலும் இப்படி ஓர் ஒழுங்கு வைத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

அந்த ஒளிவில் ஓட்டை இல்லாமலும் இல்லை. போன் அனுப்பும் வைஃபைத் தேடல் செய்தி ஒவ்வொன்றிலும் 0-விலிருந்து 4095 வரை ஏறி, மறுபடி 0-வுக்குத் திரும்பும் ஒரு வரிசை எண் உண்டு. முகவரியை மாற்றிய சில போன்கள் அந்த எண்ணை மட்டும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தன. 2017-இல் அமெரிக்கக் கடற்படை அகாடமி ஆராய்ச்சியாளர்கள் இதையும் இதுபோன்ற வேறு பல கசிவுகளையும் விரிவாக எழுதினார்கள். அதன்பிறகு வந்த கருவிகள் பலவற்றில் வரிசை எண்ணும் சேர்ந்தே மாறுகிறது.

தனி வரியைவிட, அடுத்தடுத்த வரிகளைச் சேர்த்துப் படிப்பதில் சுவை கூடும். −88, −83, −76, −69, −64, −70, −79, −87. புதன்சந்தைப் பக்கமிருந்து வந்து ராசிபுரம் பக்கம் போன வண்டி ஒன்றுக்குள் இருந்த ஏதோ ஒரு கருவி இது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற லாரி வினாடிக்கு 16, 17 மீட்டர் கடக்கும். என் ஆன்டெனாவுக்கு எட்டும் தூரம் இந்தப் பக்கம் ஐம்பது, அந்தப் பக்கம் ஐம்பது மீட்டர் என்று வைத்தால், அந்த வண்டி எனக்குத் தெரிவது ஆறு வினாடிதான். திறந்த வெளியில் தூரம் பாதியானால் சிக்னல் ஆறு டெசிபல் ஏறும். அந்த ஏற்றத்தில் இருந்தே வேகத்தை ஒருவாறு சொல்லிவிடலாம். ஏறிய சரிவும் இறங்கிய சரிவும் ஒரே மாதிரி இல்லாததையும் கவனியுங்கள். ஏறும்போது வண்டியின் முன்கண்ணாடி என்னைப் பார்க்கிறது. தாண்டிய பிறகு கேபினுக்கும் எனக்கும் நடுவில் சரக்கும் இரும்புப் பாடியும் வந்துவிடுகின்றன. அதனால்தான் எண் ஏறிய வேகத்தைவிட இறங்கிய வேகம் அதிகம்.

இந்தச் சாலையில் இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. லாரி பாடி கட்டுவதற்கும் முட்டைக்கும் பேர்போன ஊர் நாமக்கல். கேஸ் டேங்கர் லாரிகளின் தலைமையிடமும் அதுவே. போர் போடும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து நாடு முழுக்கப் போகின்றன. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிவரை போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை இந்தச் சமவெளியின் நடுவே ஓடுகிறது. இரவு இரண்டு மணிக்கும் வரி வந்துகொண்டிருக்கும் இடம் இது.

பாடி கட்டும் பட்டறை மேஸ்திரி ஒருவர் திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க தம்பி, நாங்க போன்ல பேசறதெல்லாம் இதுல கேக்குமுங்களா?”

“இல்லீங்ணா. பேச்சு எதுவும் கேக்காது. ‘நான் இங்க இருக்கேன்’னு கருவி காத்துல சொல்லுதில்லீங்களா, அதை மட்டும் எழுதுமுங்க.”

“அப்ப யாரு, எவருன்னு?”

“அது எனக்கு வேண்டாமுங்ணா. முகவரியை எழுதறதுக்கு முன்னாடியே அழிச்சுருவேன்.”

அவர் தலையாட்டினார். அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமான கேள்வி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

போன்கள் வந்து போகிறவை. இடம்விட்டு அசையாத ரவுட்டர்களின் வரிகளில்தான் என் மனம் அதிகம் லயிக்கும். வீட்டு ரவுட்டர் ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லும் சிறு அறிவிப்பை விடாமல் அனுப்புகிறது, பீக்கன் என்பார்கள். இரண்டு பீக்கனுக்கு நடுவில் வழக்கமான இடைவெளி 102.4 மில்லிவினாடி. நூறு என்று வைக்காமல் இதென்ன 102.4? வைஃபைக்கு நேர அலகு 1024 மைக்ரோவினாடி. நூறு அலகுக்கு ஒரு பீக்கன். இரண்டின் மடங்குகளில் எண்ணுவது சிப்புக்கு எளிது என்பதால் ஆயிரம் 1024 ஆயிற்று. ஒரு நாளின் 86,400 வினாடியை 0.1024-ஆல் வகுத்துப் பாருங்கள்: மிச்சமே இல்லாமல் 8,43,750. யாரும் கேட்காவிட்டாலும், வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் ஏற்காடு போயிருந்தாலும், அந்தப் பெட்டி ஒரு நாளில் அத்தனை முறை தன் பெயரைச் சொல்லும்.

ஒவ்வொரு பீக்கனுக்குள்ளும் 64 பிட் எண் ஒன்று இருக்கிறது. வைஃபைப் பதிவில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அதுதான். ரவுட்டரின் ரேடியோ விழித்ததிலிருந்து எத்தனை மைக்ரோவினாடி ஆயிற்று என்பதை அது சொல்லும். போன்கள் தூங்கி விழித்து ரவுட்டரோடு நேரம் ஒத்துப்போவதற்காக வைத்த எண் அது. படிக்கத் தெரிந்தவருக்கு அது அந்தப் பெட்டியின் வயது. லினக்ஸில் ‘ஐடபிள்யூ’ கட்டளையைக் கொடுத்து அக்கம்பக்கத்து வைஃபையைத் தேடச் சொன்னால், 1845673984 என்று எண்ணையும் காட்டி, பக்கத்திலேயே 30 நிமிடம் 45 வினாடி என்று பிரித்தும் தரும். 64 பிட் என்பதால் அந்த எண் நிரம்பித் திரும்ப சுமார் 5,84,000 ஆண்டு ஆகும். நம் ஊரில் அது பல நாள் தாக்குப்பிடித்தாலே பெரிது, கரண்ட் போய்விடும்.

அங்கேதான் இந்த எண் சுவை பெறுகிறது. இப்போதைய நேரத்திலிருந்து வயதைக் கழித்தால் அந்த ரவுட்டர் பிறந்த நேரம் கிடைக்கும். தெருவில் கேட்கும் எல்லா ரவுட்டருக்கும் கழித்து எழுதிப் பார்த்தால், பல பெட்டிகள் ஒரே நாள், ஒரே மணி, ஓரிரு நிமிட வித்தியாசத்தில் பிறந்திருக்கும். அன்றைக்கு அந்த நேரத்தில்தான் கரண்ட் வந்தது. அந்த ஓரிரு நிமிட வித்தியாசம் ஒவ்வொரு பெட்டியும் எழுந்து உட்கார எடுத்துக்கொண்ட நேரம். இன்னொரு கூட்டம் வேறொரு நேரத்தில் பிறந்திருந்தால் அந்த வீடுகள் வேறு டிரான்ஸ்பார்மரில் இருக்கக்கூடும். நடுவில் ஒன்று மட்டும் மூன்று வாரத்து வயதோடு நின்றால் அந்த வீட்டு ரவுட்டர் இன்வெர்ட்டரில் ஓடுகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மின்தடை என்று பேப்பரில் வரும் நாளில் பதிவைப் பாருங்கள். ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னோ பின்னோ, ஒரே வினாடியில் பாதித் தெரு மறையும். சாயங்காலம் திரும்பும்போது ஒவ்வொன்றாக வரும், வயது பூஜ்யத்திலிருந்து. மின்வாரிய அலுவலகத்தில் கேட்காமலேயே கரண்ட் வந்த நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்லும் ஏடு இது. (சில ரவுட்டர்கள் சேனல் மாறும்போதே எண்ணைப் பூஜ்யமாக்கிவிடும். அந்தப் பெட்டிகளை நாலு நாள் பார்த்தால் தெரிந்துவிடும். கணக்கிலிருந்து விட்டுவிட வேண்டியதுதான்.)

இன்னும் கிட்டப் போவோம். அந்தப் பிறந்த நேரத்தை இன்று கணக்கிட்டதற்கும் நாளை கணக்கிடுவதற்கும் சிறு வித்தியாசம் வரும். நேற்று 17:32:08 என்று காட்டிய பெட்டி இன்று 17:32:09 என்று காட்டும். ரவுட்டருக்குள் துடிக்கும் குவார்ட்ஸ் படிகம் கொஞ்சம் மெதுவாகவோ வேகமாகவோ போவதுதான் காரணம். பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினால் ஒரு நாளில் ஒன்றே முக்கால் வினாடி தவறும். வெப்பம் மாறினால் படிகத்தின் துடிப்பும் சிறிது மாறும். அஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் சேலத்து ஏப்ரல் வெயில் அதற்குப் போதுமான காரணம். இந்தப் பிசகு பெட்டிக்குப் பெட்டி வேறு. 2008-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் சுமன் ஜனாவும் ஸ்னேகா கசேராவும் இதையே அடையாளமாக வைத்து, உண்மையான ரவுட்டரின் பெயரைத் திருடி நிற்கும் போலி ரவுட்டரைப் பிடிக்கலாம் என்று காட்டினார்கள். பெயரையும் முகவரியையும் நகல் எடுக்கலாம். படிகத்தின் பிசகை நகல் எடுப்பது கடினம்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். வைஃபைப் பெயருக்கு 32 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் எழுத்துக்கு மூன்று, அதன்மேல் ஏறும் குறிக்கு மூன்று, புள்ளிக்கு மூன்று. ‘சேலம்’ 15 பைட், ‘நாமக்கல்’ 24 பைட், இரண்டும் அடங்கும். ‘முருகன் துணை’ 34 பைட் ஆகிவிடும். இடைவெளியை எடுத்தாலும் 33. ஒரே ஒரு பைட்டில் துணை கிடைக்காமல் போகிறது. ‘ஓம் முருகா’ 28 பைட், அழகாக உட்கார்ந்துவிடும். பதிவில் தமிழ்ப் பெயர் அபூர்வமாக வரும். அப்படி வருகிறபோது, அளந்து வைத்தார்களோ, தற்செயலாக அடங்கியதோ என்று ஒரு கணம் நின்று பார்ப்பேன்.

புளூடூத் பக்கம் வந்தால் அங்கே வேறொரு நயம். காதுக்கருவி, வாட்ச், சாவி வளையம் எல்லாம் மூன்று தனி அலைவரிசைகளில், 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸில், அறிவிப்பு விடுகின்றன. வைஃபை மிகுதியாகப் புழங்கும் 1, 6, 11 சேனல்களின் நெரிசலிலிருந்து விலகி நிற்கும்படி பார்த்து வைத்த மூன்று இடம் அவை. இரண்டு கருவிகளுக்கு ஒரே இடைவெளி அமைந்து, ஒரே நொடியில் தொடங்கியும் விட்டால் என்ன ஆகும்? ஒற்றை வரப்பில் எதிரெதிரே வந்த இருவர் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடி ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வதுபோல, இரண்டும் ஒவ்வொரு முறையும் மோதிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க, ஒவ்வொரு அறிவிப்புக்கு முன்னும் பூஜ்யத்திலிருந்து பத்து மில்லிவினாடிவரை மனம்போன தாமதம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி. பதிவில் இரண்டு அறிவிப்புக்கு நடுவிலுள்ள நேரத்தைக் கழித்துப் பார்த்தால் 1003, 1008, 1001, 1006 என்று தள்ளாடும். இந்தத் தள்ளாட்டத்தைப் பிழை என்று நினைத்துத் திருத்தப் பார்ப்பவர்கள் உண்டு. வேண்டுமென்றே வைத்தது அது. அது இல்லாவிட்டால் பேருந்து நிலையத்தில் சில காதுக்கருவிகள் தம் சொந்தக்காரரின் போனுக்குக் கேட்காமலே போகலாம்.

இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய பதிவு ஏடு என் மாடியில் இல்லை. ஓமலூர், ராசாம்பாளையம், வைகுந்தம் சுங்கச்சாவடிகளில் இருக்கிறது. 2021 பிப்ரவரி நடுவில் ஃபாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து, அங்கே கடக்கும் வண்டிகளின் கண்ணாடியில் ஒட்டிய சீட்டுகளைத் தலைக்குமேல் இருக்கும் ரீடர் படித்து நேரத்தோடு எழுதுகிறது. சீட்டில் பேட்டரி கிடையாது. ரீடர் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலையை வீச, அதிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு, அதே அலையைக் கூட்டிக் குறைத்துத் திருப்பி அனுப்புகிறது. சொந்தமாக ஒரு துளி அலைகூட உண்டாக்காது. அதைவிட நயமானது அது பேசும் முறை. ரீடர் ‘யார் இருக்கிறீர்கள்’ என்று கேட்டதும் சீட்டு தன் எண்ணைச் சொல்லிவிடாது. தனக்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அத்தனை முறை பொறுத்திருக்கும். முறை வந்ததும், அப்போதே உண்டாக்கிய 16 பிட் எண் ஒன்றை மட்டும் சொல்லும். ரீடர் அந்த எண்ணையே திருப்பிச் சொன்னால்தான், தன்னிடம்தான் பேசுகிறது என்று உறுதிசெய்துகொண்டு, உண்மையான எண்ணைக் கொடுக்கும். பக்கத்துப் பக்கத்து வண்டிகளின் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று பேசாமல் இருக்க வைத்த மரியாதை இது. இதன் வேர் 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ஓடத் தொடங்கிய அலோஹா வலையில் இருக்கிறது. வரிசையில் நிற்கும் டிரைவர் ஹாரன் அடிப்பதற்குள் இவ்வளவும் முடிந்துபோகும்.

இப்போது ‘யாரு, எவரு’ என்ற மேஸ்திரியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இந்தியாவில் 2005-இல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. அதில் திறந்தபடி வரும் அறிவிப்பைக் கேட்பதற்கு ஒரு லேப்டாப் போதும். கேட்பது எளிது என்பதால்தான் எதை எழுதிவைக்கிறோம் என்பதில் கை அடங்க வேண்டும். 2013-இல் லண்டன் சிட்டிப் பகுதியில் விளம்பரத் திரை வைத்த குப்பைத் தொட்டிகள், நடந்துபோகிறவர்களின் போன் முகவரிகளைக் குறித்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. நகர நிர்வாகம் அதை நிறுத்தச் சொன்னது. நிறுத்தச் சொன்னது சரி. ஒரு முகவரியும் ஒரு நேரமும் சேர்ந்து ஏட்டில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டால், யார் எப்போது வீடு திரும்புகிறார் என்பது தெரிந்துபோகும். நம் நாட்டிலும் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் வராவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் மேலுள்ள மரியாதை ஒன்று இருக்கிறது அல்லவா?

அதனால் என் ஸ்கிரிப்டில் எனக்குப் பெருமையான பகுதி ஒரு மூன்று வரி. நள்ளிரவில் ஓர் இரகசியச் சொல்லைத் தானே குலுக்கி எடுத்து நினைவில் மட்டும் வைத்துக்கொள்ளும். அன்று வரும் போன் முகவரி ஒவ்வொன்றையும் அந்தச் சொல்லோடு சேர்த்து அரைத்து, கிடைக்கும் மாவையும் அந்த இரண்டாம் இலக்கத்தையும் மட்டும் எழுதும். அடுத்த நள்ளிரவில் பழைய சொல் போய்விடும். இன்று இரண்டு முறை போனது ஒரே கருவியா என்று சொல்ல முடியும். நேற்றும் அதுவா என்று எனக்கே சொல்ல முடியாது. கரண்ட் வந்த நேரமும், வண்டிகள் ஏறி இறங்கிய சரிவும், படிகத்தின் பிசகும் எல்லாம் மிஞ்சியிருக்கும். எனக்கு வேண்டியது அவைதான்.

நீங்களும் செய்து பார்க்கலாம். லினக்ஸ் உள்ள லேப்டாப் ஒன்றை எடுங்கள். ‘ஐடபிள்யூ’வைத் தேடச் சொல்லுங்கள். உங்கள் சொந்த ரவுட்டரின் வயதை மட்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஆண்டு, மாதம், நாள், நேரம் என்ற வரிசையில் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே வாருங்கள்; அந்த வரிசையில் எழுதினால்தான் பின்னால் அடுக்கும்போது கலையாது. ஒரு மாதம் கழித்து, உங்கள் தெருவில் எத்தனை முறை கரண்ட் போனது, எப்போது வந்தது என்று அந்தக் கோப்பு சொல்லும். மின்வாரியத்துக்குப் புகார் எழுதும்போது அதையும் இணைத்து அனுப்புங்கள்.